நல்லூர்த் திருவிழாவும் தங்குமிடத் தேடலும்: யாழ்ப்பாண விடுதிகளைப் பற்றி ஓர் அனுபவக் குறிப்பு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போகும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு, யாழ்ப்பாணம் போய்ச் சேர்வது இப்போது பெரிய பாடாக இல்லை. 2014ஆம் ஆண்டு ரயில் மீண்டும் நகரத்துக்கு வந்துவிட்டது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் சென்னையிலிருந்து நேரே வந்து இறங்கவும் முடிகிறது. சொந்த வீடு இல்லாமற் போனவர்களும், இருக்கும் உறவினர் வீடுகளில் நெருக்கிக்கொள்ள விரும்பாதவர்களும் தங்குவதற்கு நல்லூர், கந்தர்மடம், திருநெல்வேலிப் பக்கங்களில் நல்ல சிறிய விடுதிகள் பல உள்ளன. அறைகளின் துப்புரவிலும் உபசரிப்பிலும் நான் குறை காணவில்லை. அந்த விடுதிகளைப் பற்றி ரொறன்ரோவில் இருந்துகொண்டு அறிந்துகொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

எங்கள் தேவைகள் விசித்திரமானவை அல்ல. அம்மாவுக்கு முழங்கால் இயலாது என்பதால் கீழ்த்தள அறையும் கொமட் உள்ள குளியலறையும் வேண்டும். விரத காலமாகையால் மச்சம் சமைக்காத வீடாக இருந்தால் நல்லது. திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவதால், வாகனம் விடுதி வாசல் வரை வருமா, இல்லையென்றால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். நான் பார்த்த விடுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு முகநூல் பக்கம் மட்டுமே இருந்தது. அவற்றில் தைப்பொங்கல் வாழ்த்து, விருந்தினர் ஒருவரின் பிறந்தநாள் கேக், நெய்த்தோசையின் படம் (தோசை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்) எல்லாம் இருந்தன; நான் கேட்க நினைத்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஒரு பக்கத்தில் அறை வாடகை ஒரு சுவரொட்டிப் படமாகக் கிடந்தது. அது 2022 தொடக்கத்தில் இடப்பட்டது. அப்போது ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். சில மாதங்களுக்குள் அது 350ஐத் தாண்டிய கதை நாடறிந்தது. அந்த வாடகைப் பட்டியலை எடுக்கவும் இல்லை, புதியதொன்றை இடவும் இல்லை.

சமூக ஊடகப் பக்கம் நேற்று நடந்ததைச் சொல்வதற்கென்று அமைந்தது. அங்கே புதியது மேலே வரும், பழையது கீழே புதைந்துபோகும். ஆனால் அறை தேடுபவருக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் மாறாதவை: எத்தனை அறைகள், எந்த மாடி, சமையல் எப்படி, வழி எது, என்ன வாடகை. நிலையாக நிற்க வேண்டிய இந்தச் செய்திகளை ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். நான் வேலை முடிந்து கேட்கும்போது அங்கே விடியற்காலை. அவர்கள் பதில் எழுதும்போது நான் வேலையில் அல்லது உறக்கத்தில். "அண்ணை, எல்லாம் பேஜில கிடக்கு, பாருங்கோ" என்று ஒரு தம்பி அன்போடுதான் எழுதினார். அந்தப் பக்கத்தை முகநூல் கணக்கே இல்லாத என் சின்னம்மாவுக்கு அனுப்பியபோது, கணக்கைத் திறந்து உள்ளே வரும்படி கேட்டு அது பாதியிலேயே அவரை மறித்துவிட்டது. தங்கப்போகிறவர்களில் ஒருவர் அவர்.

இலங்கையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டங்களின் நடுவிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. பயணத்தை நிறுத்துவதா, விடுதி திறந்திருக்கிறதா என்று வெளிநாட்டிலிருந்து எல்லோரும் விசாரிக்க வேண்டியிருந்த நாட்களிலேயே முகநூலும் வட்ஸ்அப்பும் உள்ளூரில் இயங்கவில்லை. அரசாங்கம் தலையிடாமலும் இது நேரலாம்: 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி முகநூலையும் வட்ஸ்அப்பையும் நடத்தும் நிறுவனத்தின் சேவைகள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நின்றுபோயின. வணிகக் கணக்குகளோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையத்தளங்களையும் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தமக்கென ஓர் இணைய முகவரி (domain) வாங்கி வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுபோய் வேறு இடத்தில் இணைத்திருப்பார்கள். மற்றவர்கள் அட்டையிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்த முகவரி வீணாய்ப் போயிற்று.

முன்பதிவுத் தளங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நானும் அவற்றில் தேடினேன். புதிதாய் வருபவரின் கண்ணில் படுவதற்கு அவை உதவும், விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அவை பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவில் தரகு எடுக்கின்றன. இரவுக்கு 12,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினால் விடுதிக்காரர் 9,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். "நேரே கதைச்சுப் போடுங்கோ, குறைச்சுத் தாறம்" என்று பலர் சொல்வது இதனால்தான். நேரே கதைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. முற்பணத்தை வங்கியில் போடச் சொல்லும்போதுதான் தயக்கம் வருகிறது. ஒரே விடுதியின் பெயரில், ஒரே படங்களோடு இரண்டு முகநூல் பக்கங்களைக் கண்டேன். எது உரிமையாளருடையது என்று எப்படித் தெரியும்? சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கம், நிலையான தொலைபேசி எண், முற்பணம் திரும்பக் கிடைக்கும் விதி ஆகியவை விடுதியின் சொந்த இணைய முகவரியில் எழுதியிருந்தால் அந்தத் தயக்கம் பாதி தீரும்.

கடைசியில் நாங்கள் தங்கிய விடுதிக்கு ஓர் எளிய இணையத்தளம் இருந்தது. நான்கே பக்கங்கள், அலங்காரம் எதுவும் இல்லை. ஒவ்வோர் அறையையும் தனித்தனியே காட்டி, எது கீழ்த்தளம், எதற்குப் படி ஏற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். திருவிழா முடியும்வரை சைவச் சமையல் மட்டுமே என்ற வரி இருந்தது. வீதி மூடப்படும் நாட்களில் வாகனம் எந்தச் சந்தியில் நிற்கும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்பதையும் வரைபடத்தோடு போட்டிருந்தார்கள். வாடகைக்குக் கீழே அது எந்த மாதம் திருத்தப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. எனக்கு நம்பிக்கை தந்தது அந்தச் சிறு குறிப்புத்தான். முகநூலும் வைத்திருக்கிறார்கள், அங்கே போடும் ஒவ்வொரு படத்தின் கீழும் தளத்தின் முகவரி இருக்கிறது. ஒரு குறை, எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. கனடாவில் பிறந்த என் பிள்ளைகளுக்கு அது வசதி. அம்மாவுக்கு நான் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. தமிழ் எழுத்திலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரி பெறக்கூடிய நாட்டில், தமிழில் ஒரு பக்கம் சேர்ப்பது அவர்களுக்குப் பாரமாக இராது.

செலவைப் பற்றிக் கேட்ட வேறொரு விடுதிக்காரருக்கு நான் சொன்னது இது: சாதாரண முகவரி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து முதல் இருபது டொலர் வரை போகும், நான்கு பக்கத் தளத்தை இலவசமாகவே ஏற்றி வைக்க இடங்கள் உண்டு. பராமரிக்க ஆளில்லாவிட்டால் மட்டும் தொடங்க வேண்டாம், பழைய வாடகை கிடக்கும் தளம் அந்தச் சுவரொட்டியை விட மோசம். அவருக்கு அது நன்றாகவே விளங்கியது. அவருடைய முகநூல் பக்கத்தைத் திறந்து கொடுத்த பெறாமகன் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கடவுச்சொல்லும் கூடவே போய்விட்டது. பக்கத்தில் இன்னும் மாறிப்போன தொலைபேசி எண்தான் இருக்கிறது. ஆகவே புதிய தளத்தை எந்தப் பிள்ளை செய்து கொடுத்தாலும், முகவரியை உரிமையாளரின் சொந்தப் பெயரிலும் அவரே திறக்கக்கூடிய மின்னஞ்சலிலும் பதிவுசெய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.