விற்கத் தயங்குகிற கன்றுக்காரர்

2021இல் மட்டக்களப்புப் பக்கத்துப் பாம் (பனை இன) கன்றுத்தோட்டம் ஒன்றுக்கு முதன்முதலாகப் போன அன்று நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன். கையில் காசு இருந்தது. தோட்டக்காரர்தான் தரவில்லை.

நான் பென்ஷன் எடுத்த வருடம் அது. கொழும்பில் ஒரு கலியாண வீட்டு முற்றத்தில் பிஸ்மார்க் பனையைப் பார்த்த நாளிலிருந்து மனம் அதிலேயே நின்றது. நம்ம பனை மாதிரியே விசிறி ஓலைதான், ஆனால் நிறம் வெள்ளிச் சாம்பல். செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியில் கரடியனாற்றுப் பக்கம் போகிற வழியில் ஒருவர் விதவிதமான பாம் கன்றுகள் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாறி, செங்கலடியில் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. வேலிக்கு மேலால் தெரியும் ஓலைகள்தான் அடையாளம்.

என் தோளுயரத்தில் ஒரு பிஸ்மார்க் நின்றது. எவ்வளவு என்று கேட்டேன். விலை சொல்லாமல், "டீச்சர்ர வளவு எத்தின பேர்ச்?" என்றார். நான் டீச்சர் என்று சொல்லவே இல்லை, குடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இருபது என்றேன். கிணறு எங்கே, மலக்குழி எங்கே, கரண்ட் வயர் எந்தப் பக்கம் என்று அடுத்தடுத்துக் கேட்டு, ஓர் ஈர்க்கை எடுத்து மணலில் என் வளவைக் கீறினார். பிறகு சொன்னார்: "இது மடகஸ்கார் மரம். வளந்தா ஒரு ஓலையே பத்தடி அகலம் வரும். வேரில கை வைக்கிறது இதுக்குப் பிடிக்காது. இந்தப் பெரிய கண்டக் கிளப்பி நட்டா, ஆறு மாசம் உசிரோட நிக்கிற மாதிரி நடிக்கும். பிறகு செத்துரும். நீங்க என்னத்தான் ஏசுவீங்க."

ஐப்பசி மழை தொடங்கியதும் வரச் சொன்னார். போனேன். முழங்கை நீளத்துக்கு ஒடுக்கமான கறுப்புப் பொலித்தீன் பை, அதில் இரண்டே ஓலையோடு ஒரு குட்டிக் கன்று. இந்தப் பனையின் விதை முளைக்கும்போது குருத்தை முதலில் கீழே ஆழத்துக்குத்தான் அனுப்பும். அதனால் சாதாரணப் பையில் போட்டால் வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். அவர் பை நீளமாக வைத்திருந்ததன் காரணம் அதுதான். 2,800 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இளநி வராத மரத்துக்கு ரெண்டாயிரத்து எண்ணூறா?" என்றாள். அவளோடு தர்க்கிக்க எனக்குத் தெம்பில்லை. மட்டக்களப்பில் தென்னை இல்லாத வளவு ஏது? அதிலும் 1978 சூறாவளியைக் கண்டவர்களுக்கு விழுந்த மரத்தை எண்ணித்தான் பழக்கம். அந்தக் கார்த்திகையில் ஒரே இரவில் எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பு முழுக்கப் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. இந்தக் கன்றை நட்ட அன்றும் முதல் வேலையாக வீட்டுக் கூரையிலிருந்து தூரத்தை அளந்து பார்த்தேன்.

இப்போது அந்த பிஸ்மார்க் எனக்கு மேலே ஓரடி நிற்கிறது. மணலும் கச்சான் காற்றுக்கால வெயிலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த மூன்று வருடத்தில் ஏழு கன்று வாங்கியிருக்கிறேன். ஐந்து நிற்கின்றன. செத்த இரண்டில் ஒன்று என் பிழை, மற்றது யார் பிழை என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். லிப்ஸ்டிக் பாம் என்று ஒன்று உண்டு. தண்டும் மட்டையும் நல்ல இரத்தச் சிவப்பு. மலேயா, சுமாத்திரா, போர்னியோப் பக்கத்துச் சதுப்புக் காட்டு மரம், எந்நேரமும் காலடியில் நல்ல தண்ணீர் வேண்டும். விலை 6,500. "உங்கட பக்கம் பைப் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டார். பைப் என்றேன். பாதிப் பொய். பைப் இருக்கிறது, ஆனால் பில்லுக்குப் பயந்து மரத்துக்கெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் கிணறு தையில் இனிக்கும், ஆவணியில் உவர்க்கும். தென்னை அதைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும். லிப்ஸ்டிக் பாம் ஓலை நுனியிலிருந்து கருகத் தொடங்கி, இரண்டாவது ஆவணியில் குருத்தும் கழன்று கையோடு வந்தது. அவரிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. கேட்டால் "நிக்குது அண்ணன்" என்கிறேன்.

மற்றது வட்ட ஓலைப் பாம். வனுவாட்டு, சொலமன் தீவுகளின் மரம், பப்படம் மாதிரி கொசுவிய, பிளவில்லாத வட்ட ஓலை. மாமர நிழலில் வை, காற்றுப் படாமல் வை என்று அவர் சொன்னதை அப்படியே கேட்டேன். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று மாமரத்தைக் கேட்டுவிட்டா வருகிறது? மேற்கிலிருந்து, வாவிக்கு மேலால், காய்ந்து சுட்டுக்கொண்டு வரும். ஓலை நார் நாராகக் கிழிந்தது. வாவிக்குக் கிழக்கே, எங்கள் எழுவான்கரையில் இந்த மரம் எடுபடாது என்று அவரே சொல்லியிருக்கலாம். அவருடைய தோட்டம் உள்ளே, மரக்கூட்டத்துக்கு நடுவில் இருப்பதால் கடற்கரைப் பக்கத்துக் காற்று அவருக்கு மறந்துவிட்டது போலும்.

சரி, மனக்குறைக்கு வருகிறேன். போத்தல் பனை என்று சொல்லி 3,500க்கு ஒன்று தந்தார். மொரீஷியஸ் பக்கத்திலுள்ள ரவுண்ட் தீவு என்ற சின்னத் தீவில்தான் அதன் பூர்வீகம். அங்கே இயற்கையில் மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், உலகம் முழுக்க வீட்டுத் தோட்டங்களில்தான் அந்த இனம் பிழைத்துக்கிடக்கிறது. அப்படி ஒன்று என் வீட்டில் நிற்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு வருடம் போனபிறகு பார்க்கிறேன், மட்டையின் முதுகில் நீளமாக மஞ்சள் கோடு ஓடுகிறது. அடி பருக்கவில்லை. நான்கைந்து ஓலையோடு அடக்கமாக நிற்கவேண்டியது, அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொண்டிருக்கிறது. இது போத்தல் இல்லை, அதன் தங்கச்சி, கதிர்ப் பனை. ரொட்ரிகஸ் தீவு மரம். போத்தல் பனைக்கு அடியில்தான் வயிறு, இதற்கு நடுவில், நூல் சுற்றிய கதிர் மாதிரி. குட்டியில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான், அதனால்தான் பல இடத்தில் ஒன்றைச் சொல்லி மற்றதை விற்கிறார்கள்.

போட்டோவை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் எடுத்து, "ஓம் டீச்சர், விதை தந்தவன் என்னையும் ஏமாத்திப்போட்டான்" என்றார். காசு திருப்பித் தரவில்லை, அடுத்த கன்றில் ஆயிரம் குறைத்தார். நியாயம் என்று முழுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. இந்தக் காலத்தில் அதுவும் பெரிது. கதிர்ப் பனையைப் பிடுங்கவில்லை, கேட் பக்கம் அழகாகத்தான் நிற்கிறது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. அவரிடம் மாட்டெரு உரப்பையில் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். ஒரு பையை வீட்டில் கொட்டிப் பார்த்தபோது பெருவிரல் தடிப்பில் நான்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. காண்டாமிருக வண்டின் புழு. உக்கிய எருவில்தான் அது வளரும், வண்டானதும் பறந்துபோய்க் குருத்தைத் துளைக்கும். அதற்கு முன் வாங்கிய பையை நான் பார்க்காமலே போட்டுவிட்டேன். அந்த வருடம் என் நரிவால் பாமின் (ஓலை நரிவால் மாதிரி அடர்ந்திருக்கும்) புது ஓலை கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி வி வடிவில் வெட்டுப்பட்டு விரிந்தது. சொன்னதற்கு, "எருவெண்டா புழு இருக்கும்தானே" என்றார். பாம் கன்று விற்கிறவர் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பிறகு தென்னைக்குச் செய்வதைத்தான் செய்தேன், மேல் மட்டைக் கக்கங்களில் பூச்சி உருண்டை இரண்டிரண்டு போட்டேன். இப்போது எருவை வெயிலில் பரப்பி, கோழியை விட்டுக் கிளறவிட்டுத்தான் மரத்தடிக்குக் கொண்டுபோகிறேன்.

ஆனால் உர விஷயத்தில் அவர் சொன்ன ஒன்றுக்காக இதையும் மன்னித்துவிட்டேன். நரிவால் பாமின் அடி ஓலைகளில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து பழுக்கப் பழுக்க நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். வளவு துப்புரவாக இருக்கவேண்டும் என்ற பழக்கம்தான். ஒருநாள் போட்டோ அனுப்பிக் கேட்டதும் உடனே போன் வந்தது. "கத்திய முதல்ல உள்ளுக்க வைங்க!" அது பொட்டாசியம் குறைவு. கடற்கரை மணலில் அந்தச் சத்து நிற்காது, மழையோடு கழுவுப்பட்டுப் போகும். மரம் பழைய ஓலையிலிருந்து அதை உறிஞ்சித்தான் புது ஓலைக்குக் கொடுக்கிறது. பழுத்ததை வெட்டினால் மரத்தின் சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்த மாதிரி, பழுப்பு அடுத்த ஓலைக்கு ஏறும். முழுக்கக் காய்ந்து தொங்கினால் மட்டும் வெட்டு என்றார். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்துக்குப் போட்ட தடையால் வந்த தட்டுப்பாடு தீராத நேரம் அது, காசு கொடுத்தாலும் உரம் கிடைக்கவில்லை. அடுப்புச் சாம்பலைப் போடச் சொன்னார். மரத்திலிருந்து தள்ளி, வட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக. உரம் திரும்பக் கிடைத்தபிறகு வருடம் இரண்டு தடவை, கூடவே மக்னீசியத்துக்கு டொலமைட். இதற்கெல்லாம் அவர் காசு வாங்கியதில்லை.

அவர் விற்காத கன்றும் ஒன்று உண்டு. தோட்டத்தின் பின்பக்கம், வலைக்கூடாரத்துக்குள், ஈரத் துணி சுற்றிய சாடியில். சிங்களத்தில் தொதலு என்பார்கள். உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத பாம், அந்தப் பேரினத்திலேயே இது ஒன்றுதான். சிங்கராஜா மாதிரி மழைக்காட்டில், பாறைச் சரிவில் வளர்வது. யாரோ ஒருவர் காட்டில் பிடுங்கிய கன்றுகளைக் கொண்டுவந்து விலை பேசினாராம், துரத்திவிட்டேன் என்றார். இது வேறொருவர் விதையிலிருந்து முளைக்கவைத்துக் கொடுத்தது. கெஞ்சிக் கேட்டேன். "மடகஸ்கார் மரம் உங்கட வளவில நிக்கும் டீச்சர், நம்மட நாட்டு மரம் நிக்காது" என்று சிரித்தார். உண்மைதான், எங்கள் கச்சானுக்கு அது ஒரு கிழமை தாங்காது. தெற்கிலிருந்து, காலி, மாத்தறைப் பக்கத்திலிருந்தும் அவர் கன்று எடுப்பதில்லை. வெலிகமத் தென்னை வாடல் நோய் வந்த இடத்திலிருந்து ஒரு கன்று வந்தாலும் ஊர்த் தென்னைக்கெல்லாம் வினை என்கிறார்.

சின்னக் குறைகள் இன்னும் உண்டு. பெயரை மார்க்கரால் பையில் எழுதுகிறார், இரண்டு மழையில் அழிந்துவிடும், வாங்கிய அன்றே நீங்கள் எழுதி வையுங்கள். பில் கிடையாது. விலை ஆளுக்கு ஆள், அல்லது அவருடைய அன்றைய மனநிலைக்கு, மாறும். நீண்ட நாள் விற்காமல் கிடந்த பைகளில் வேர் வெளியே ஓடி நிலத்தைப் பிடித்திருக்கும், தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கரையோரச் செடிகளில் முசுறு, கையை மூடிய சட்டை நல்லது. கித்துல் (கூந்தல் பனை) பழம் கிடந்தால் வெறுங்கையால் பிசையாதீர்கள், ஒருநாள் முழுக்கச் சொறிவீர்கள். அதை அவரே சொல்வார், ஆனால் நீங்கள் தொட்டபிறகு சொல்வார்.

விதையும் தருவார். நரிவால் பாம் விதை பத்து 300 ரூபாய், பத்திரிகைத் தாளில் சுற்றி. புதிதாக விழுந்ததா என்று கேட்டு வாங்குங்கள், காய்ந்து கிடந்தது முளைக்காது. பழத்தோலைச் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் ஊறவைத்து, பிழிந்த தும்புத்தூளோடு பையில் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவேண்டும். நான் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். மூன்றாம் மாதம் பத்தில் ஆறு முளைத்தது. அவர் ஏழு என்று சொல்லியிருந்தார்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எருவை நிறுத்தினால் நாலரை.

இந்த ஐப்பசிக்கு முக்கோணப் பனை ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். மட்டைகள் மூன்று வரிசையில் அடுக்கி வளர்கிற மடகஸ்கார் மரம், வறட்சிக்குப் பயப்படாது. போகிறவர்கள் முதலில் போன் பண்ணிவிட்டுப் போங்கள், பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார், கேட் பூட்டியிருக்கும். லிப்ஸ்டிக் பாமைப் பற்றிக் கேட்டால், ஆரையம்பதி டீச்சர் வீட்டில் நிற்கிறது என்றே சொல்லுங்கள்.