முதல் நாவலைப் பணம் கட்டி அச்சிடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

இணையத்தில் தொடர்கதை எழுதி முடித்து, அதைப் புத்தகமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காதல் நாவல், குடும்ப நாவல் எழுதும் பெண்கள் கட்டாயம் படியுங்கள், வலை விரிப்பது நம் பக்கம்தான். கதைக்கு நாலு பேர் கமென்ட் போட ஆரம்பித்ததும் "சிஸ்டர், உங்க நாவலை புக்கா போடலாமா?" என்று ஒரு செய்தி வரும். எனக்கும் வந்தது. அனுப்பியவர் சிறிய பதிப்பகம் ஒன்றை நடத்துகிறவர். வழக்கு நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை. என்னென்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். அதே பேக்கேஜ், அதே பேச்சு என்று இன்னும் சில எழுத்தாளர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். நாயகி ஜெயஸ்ரீ, கணவனை இழந்தவள், ஒரு பெண் குழந்தையுடன் அம்மா வீட்டில் இருக்கிறாள். நாயகன் அந்த ஊருக்கு மாற்றலாகி வரும் கால்நடை மருத்துவர். மறுமணத்துக்கு ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, ஜெயஸ்ரீக்கே அந்த ஆசையை ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் கதை. வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு போனிலேயே தட்டச்சு செய்து, வாரம் இரண்டு எபி (எபிசோட்) போட்டேன். முடித்த பிறகு தளத்திலிருந்து நீக்கிவிட்டு, புத்தகத்துக்காக மறுபடி முதலிலிருந்து எழுதினேன். தொடராக வரும்போது வாசகர்களைக் காத்திருக்க வைக்கும் திருப்பங்கள் புத்தகத்தில் இழுவையாகத் தெரியும். அதையெல்லாம் வெட்டினேன். முடிவையும் மாற்றினேன். முதல் வடிவத்தில் மாமியார் வந்து ஆசீர்வதித்ததும் எல்லாம் சரியாகிவிடும். திருத்திய வடிவத்தில் ஜெயஸ்ரீ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. எனக்கு அந்த முடிவுதான் நாவலே.

பேக்கேஜ் 42,000 ரூபாய். எடிட்டிங், ராப்பர் (அட்டை) டிசைன், லேஅவுட் (பக்கம் கட்டுவது), ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்), 300 பிரதிகள் அச்சு, சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, அமேசானில் விற்பனை, நூலக ஆணை (பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு), எல்லாம் அதில் அடக்கம் என்றார். விற்கும் பிரதிக்கு 10 சதவீதம் ராயல்டி. பாதித் தொகை கட்டினால்தான் ஒப்பந்தத்தையே அனுப்புவோம் என்றார்கள். கட்டிய பிறகு வந்தது இரண்டு பக்கத் தாள். அச்சுப் புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் அதில் இருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு என்பது இல்லை, கணக்கு எப்போது தருவார்கள் என்பதும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான் சிஸ்டர்" என்று பதில்.

நூலக ஆணையைக் கொடுப்பது அரசு. எந்தப் புத்தகத்துக்குக் கிடைக்கும் என்று எந்தப் பதிப்பாளரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதைப் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் (பிழை பார்க்கும் மாதிரிப் பக்கங்கள்) வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டேன். அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்றவர், டிசம்பர் கடைசியில் "ஜனவரி புத்தகக் காட்சிக்கு லேட் ஆகுது, பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு" என்று முடித்துவிட்டார். மீதிப் பணம் கட்டினால்தான் பைண்டிங் என்றும் சொன்னார். கட்டினோம்.

புத்தகம் வந்தது. 300 பிரதிகள் அச்சிட்டதாகச் சொன்னவர் எனக்கு அனுப்பியது 25. முதல் அத்தியாயத்தின் கடைசி வரி: "அடுத்த யுடி செவ்வாய்க்கிழமை ஃப்ரெண்ட்ஸ், கமென்ட்ஸ் ப்ளீஸ்." யுடி என்றால் அப்டேட், அதாவது அடுத்த எபி. தளத்தில் தொடர் ஓடியபோது வாசகர்களுக்காக நான் போட்ட குறிப்பு அது. புரட்டப் புரட்ட அதே மாதிரி குறிப்புகள். வெட்டிய அத்தியாயங்கள் திரும்ப வந்திருந்தன. கடைசியில் மாமியார் வந்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய கோப்பை அவர்கள் திறக்கவே இல்லை. தொடர் தளத்தில் இருந்தபோதே நகலெடுத்துப் பக்கம் கட்டி வைத்திருந்ததாக லேஅவுட் செய்த பையனே பிறகு என்னிடம் சொன்னான். பாவம், அவனுக்கும் கூலி பாக்கியாம். எடிட்டிங் என்று பில்லில் 8,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை படித்திருந்தால்கூட அந்தச் செவ்வாய்க்கிழமை அச்சில் வந்திருக்காது.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. யூனிகோடில் (இன்று போனிலும் கணினியிலும் நாம் தட்டச்சு செய்யும் முறை) உள்ளதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் இன்னும் பல இடங்களில் பக்கம் கட்டுகிறார்கள். கணினியில் 'ஸ்ரீ' இரண்டு விதமாகப் பதிவாகும். எழுத்துரு மாற்றும் சில மென்பொருள்களுக்கு அதில் ஒன்று பிடிபடாது, அந்த இடத்தில் வெறும் கட்டம் விழும். என் நாயகியின் பெயர் புத்தகம் முழுக்க 'ஜெய' என்றும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும்தான். மாட்டுக் கொட்டகை வாசலில் அவன் முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்துக்காகத்தான் அதற்கு முன்பு முழுக்க "ஏங்க", "வாங்க" என்றே பேச வைத்திருந்தேன். அந்த வரியிலும் கட்டம்தான் நிற்கிறது. உங்கள் கதையில் ஸ்ரீ, க்ஷ வரும் பெயர்கள் இருந்தால் ப்ரூஃபில் முதலில் அவற்றைத் தேடுங்கள். அப்புறம் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். ப்ரூஃபில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சு என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

அமேசானில் அச்சுப் புத்தகம் வரவே இல்லை. காரணம் பின்அட்டையில் இருந்தது. ஐ.எஸ்.பி.என். என்பது 13 இலக்க எண். முதல் இலக்கத்தை 1ஆலும் அடுத்ததை 3ஆலும், இப்படியே மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி இலக்கம் அந்தச் சரிபார்ப்புக்காகவே வைக்கப்படுவது. என் புத்தகத்தில் இருந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், வகுபடவில்லை. 978-93 என்று இந்திய எண் மாதிரியே தொடங்கி, மீதியைக் கையில் வந்தபடி போட்டிருக்கிறார்கள். அதற்கு பில்லில் 3,000 ரூபாய். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். வழங்குவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. இலவசமாகத்தான் வழங்குகிறது. எழுத்தாளரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ராயல்டி கேட்டபோது "ஒண்ணுமே விக்கல சிஸ்டர்" என்றார். புத்தகக் காட்சியில் அவர் கைகாட்டிய ஸ்டாலுக்கு நேரில் போய்க் கேட்டால் "ஸ்டாக் தீர்ந்துடுச்சு மேடம்" என்கிறார்கள். அதற்குள் வாசகிகள் சிலர் புத்தகத்தை வாங்கிப் படம் எடுத்து எனக்கே அனுப்பியிருந்தார்கள், பில்லோடு.

கடைசி அடி அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில். திருத்திய வடிவத்தையாவது மின்னூலாகப் போடலாம் என்று பதிவேற்றினேன். இதே உள்ளடக்கம் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது, உரிமை உங்களுடையது என்று நிரூபியுங்கள் என்று அமேசானிலிருந்து மெயில். தேடினால் அதே ராப்பர், அதே கட்டங்களோடு, அவர் கணக்கில் என் நாவல். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். தமிழ்க் குடும்ப நாவல் எழுதும் பல பெண்களுக்கு இன்று மாத வருமானமே அதுதான். என் கதையைப் படித்த பக்கங்களுக்கான காசு அவர் கணக்குக்குப் போயிருக்கிறது.

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19 நமக்குப் பெரிய துணை என்று அப்போதுதான் தெரிந்தது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தெந்த உரிமை என்று குறிப்பிட வேண்டும். காலம் எழுதப்படவில்லை என்றால் ஐந்தே ஆண்டு. இடம் எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். என் ஒப்பந்தத்தில் மின்னூல் என்ற பேச்சே இல்லாததால் கிண்டில் பதிப்பு அப்பட்டமான காப்புரிமை மீறல். வக்கீல் நோட்டீஸ் போனது, அமேசானின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தில் ஒப்பந்த நகலையும் இணைத்து அனுப்பினேன். அந்தப் பதிப்பு நீக்கப்பட்டது. வந்த பணத்துக்கு மட்டும் இன்னும் கணக்கு இல்லை.

பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், அவருடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். "இது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாக, பிழைப்புக்காகச் செய்வதை அந்தச் சட்டம் வணிக நோக்கமாகப் பார்ப்பதில்லை என்ற வாதத்தை என் வழக்கறிஞர் மனுவின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். வழக்குக்கு முன்பு ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பணம் வாங்கிப் புத்தகம் செய்து தருவது மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ரேட் சொல்லி, அச்சகத்தின் பில்லைக் காட்டி, எல்லாப் பிரதிகளையும் பக்கம் கட்டிய கோப்பையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே டெமி அளவு, அதே தாள், 300 பிரதிகளுக்கு நானே ஓர் அச்சகத்தில் விசாரித்தேன். கட்டிய தொகையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் சொன்னார்கள். தன் பணத்தைப் போட்டுப் புத்தகம் கொண்டுவரும் பதிப்பாளர், விற்றால்தான் பிழைப்பார். என்னிடம் வாங்கியவருக்கு முதல் பிரதி விற்கும் முன்பே லாபம் வந்துவிட்டது. அதன் பிறகு என் எழுத்தில் பிழை இருந்தால் அவருக்கென்ன, ஜெயஸ்ரீக்குப் பெயர் இல்லாமல் போனால் அவருக்கென்ன?

திருத்திய வடிவம் இப்போது என் கணக்கிலேயே கிண்டிலில் இருக்கிறது. பழைய அச்சுப் பதிப்பை வாங்கிய வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், பார்சல் கவர், எது இருந்தாலும் தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு பிரதிகூட விற்கவில்லை என்று அவர் ஆணையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரசீதையும் அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யப் போகிறோம்.