எந்த ஊர்த் தடி என்று எழுதித் தருகிற விறகுக் கடை

வீட்டில் அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் செய்து விற்கிறேன். எண்ணெய்ச் சட்டி ஏறுவது விறகடுப்பில்தான். மாதம் 300 கிலோவாவது வேண்டும். இரண்டு வருடமாக, தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில் இருக்கும் ஒரு கடையில் எடுக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது, விறகுக்கடை அண்ணாச்சி என்று கேட்டால் காட்டுவார்கள்.

அதற்கு முன்னால் ஒரு லாரிக்காரரிடம் வாங்கினேன். விலை மலிவு. எங்கே வெட்டின தடி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரப்பர் விறகைத் திண்ணையோரம் அடுக்கி வைத்தேன். இரண்டாவது மாதம், காலையில் பெருக்கும்போது அடுக்குக்குக் கீழே கோதுமை மாவு சிந்தினதுபோல் தூள். கட்டையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். தட்டினால் இன்னும் கொட்டியது. சரி, எரிக்கப் போகிற கட்டைதானே என்று விட்டதுதான் தப்பு. அடுத்த மழைக்காலத்துக்குள் மூங்கில் ஏணியும், என் மகன் உட்கார்ந்து படித்த ரப்பர் பலகை பெஞ்சும் உளுத்துப்போயின. அயனிக் கதவு மட்டும் தப்பித்தது; வைரம் பாய்ந்த தடியை, கட்டையைத் துளைத்து இப்படித் தூளாக்குகிற வண்டு தொடாதாம்.

இந்த அண்ணாச்சி முதல் நாளே கேட்டது, "எத்தன நாளைக்கு அடுக்கி வைப்பிய?" என்றுதான். ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், வண்டு வருவதே அதற்காகத்தான், ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றார். பட்டையை உரித்து, பிளந்து, வெயிலில் போட்டுத்தான் தருகிறார். தூள் கொட்டுகிற கட்டை கண்ணில் பட்டால் தனியே எடுத்து அந்த வாரமே பக்கத்துச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுகிறார். மக்கின தென்னந்தடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்குவதில்லை. காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும்; இங்கே இறக்கினால் சுற்றியிருக்கும் தென்னை விளைகளில் குருத்தெல்லாம் போய்விடும் என்கிறார். இரண்டு தென்னையாவது இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் தரும் துண்டுச்சீட்டு. எடை, விலை, அதற்குக் கீழே தடி வெட்டின ஊர், தேதி. போன தடவை திருவட்டார், அதற்கு முன் அருமனை.

அதைப் போட்டோ எடுத்து நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் அக்கா மகளுக்கு அனுப்பினேன். "சித்தி, இங்க இது சட்டமே" என்றாள். சூடேற்றாத விறகை அங்கே 50 மைலுக்கு, அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. எங்கே வெட்டியது என்ற சீட்டும் கையில் இருக்க வேண்டும். அதைவிடத் தூரம் போக வேண்டுமென்றால், கட்டையின் நடுப்பகுதி வரைக்கும் 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் 75 நிமிடம் இருந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு காரணம், ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு பச்சை வண்டு; அதை 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் பாம்பு ஊர்ந்த தடம்போல் அரித்துக்கொண்டே போகும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அழிந்துவிட்டன. வண்டு தானாகப் பறப்பது கொஞ்ச தூரம்தான்; கூடாரம் போட்டுத் தங்கப் போனவர்கள் காரில் ஏற்றின விறகோடு அது ஊர் ஊராகப் போய் இறங்கியிருக்கிறது. நம் ஊரிலும் ஒவ்வொரு லோடுக்கும் இப்படி ஒரு சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். யாரும் சொல்லாமலே அண்ணாச்சி எழுதுகிறாரே.

குறையும் உண்டு. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல். அரை டன்னுக்குக் குறைந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார், நான் குட்டியானை பிடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் விறகில் ஈரம் இருக்கும். போன கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரத்தில் புகையில் கண் திறக்க முடியவில்லை. போன் செய்தேன், மறுநாளே 40 கிலோ மாற்றித் தந்தார். மார்கழி வேலைக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள், ஷெட்டுக்குள் தனியாகக் காயப்போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.