மவுஸ் டிரைவருக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கேவிஎம் சுவிட்ச் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸை இரண்டு கணினிகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் பெட்டி அது. "எந்த யுஎஸ்பி மவுஸும் வேலை செய்யும்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் வாங்கினேன்.

பொருத்திய அன்றே தொல்லை ஆரம்பம். மவுஸின் பக்கவாட்டுப் பட்டன்கள் இயங்கவே இல்லை. கர்சர் விட்டு விட்டு நகர்ந்தது. அடுத்த கணினிக்கு மாற்றினால் சில சமயம் அப்படியே நின்றுவிடும். மவுஸைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும்.

விற்றவர்களின் சேவைப் பிரிவை அழைத்தேன். எடுத்த எடுப்பில் "உங்க மவுஸ்தான் பழுது, எங்ககிட்டயே வயர்லெஸ் மவுஸ் இருக்கு" என்றார் அந்த ஆள். இதே மவுஸ் நேரடியாகச் செருகினால் இரண்டு கணினிகளிலும் ஒழுங்காக ஓடுகிறதே என்றேன். உடனே பழி டிரைவர் மேல், அதாவது மவுஸைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள் மேல் போனது. அதைச் சரிசெய்யத் தனிக் கட்டணமாம். கட்டியதும் ரிமோட் மென்பொருள் மூலம் இணையம் வழியாக என் கணினிக்குள் வந்தார், கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தார், 'அப்டேட் டிரைவர்' என்பதை அழுத்தினார், சரியாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். எதுவும் சரியாகவில்லை. போதாக்குறைக்கு, அந்த ரிமோட் மென்பொருள் கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாக இயங்கும்படி விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்படி யாரையாவது உள்ளே விட்டிருந்தால், முதல் வேலையாக அதை நீக்குங்கள்.

சாதாரண யுஎஸ்பி மவுஸுக்கான டிரைவர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு யாரும் காசு வாங்க வேண்டியதில்லை.

கோளாறு பெட்டியில்தான். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் மவுஸ் படம் போட்ட போர்ட் (செருகும் துளை), உங்கள் மவுஸை அப்படியே கணினிக்குக் காட்டுவதில்லை. பெட்டியே ஒரு சாதாரண மவுஸ் போல நடித்து இரண்டு கணினிகளோடும் எப்போதும் இணைந்திருக்கும். மாற்றியதும் தாமதமில்லாமல் வேலை செய்வது அதனால்தான். ஆனால் அந்தப் போலி மவுஸுக்கு இடது, வலது, சக்கரம் தாண்டி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வேகமும் சிக்கல்தான்: சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் என்றால், விளையாட்டுக்கான மவுஸ்கள் 1000 முறை அனுப்பும். எல்லாப் பெட்டிக்கும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

மவுஸின் அமைப்பில் அந்த எண்ணை 125 ஆக்கினேன், கர்சர் சீரானது. அப்புறம் அதே பெட்டியில் இருந்த பொதுவான யுஎஸ்பி போர்ட்டுக்கு மவுஸை மாற்றினேன், பக்கவாட்டுப் பட்டன்களும் வந்துவிட்டன. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணினி மவுஸைப் புதிதாக அடையாளம் காணச் சில நொடி எடுக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "சில மவுஸ்களின் கூடுதல் பட்டன்கள் இயங்காது" என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள்!

என் தலையில் கட்டப் பார்த்த வயர்லெஸ் மவுஸை வாங்கியிருந்தால் இன்னொரு தலைவலி வந்திருக்கும். யுஎஸ்பி 3.0 இணைப்புகளிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகளைக் குழப்பும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கி வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸுக்காகக் கணினியில் செருகும் சிறு கருவியான டாங்கிளை அந்தப் போர்ட்டுகளுக்கு நடுவில் செருகினால் கர்சர் திக்கித் திணறலாம். ஏற்கெனவே வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு கணினிகளுக்கும் தனித்தனி மானிட்டர் இருந்தால் பெட்டியே தேவையில்லை, ஒரே மவுஸையும் கீபோர்டையும் நெட்வொர்க் வழியாக இரண்டிலும் பயன்படுத்த மென்பொருள் போதும். இரண்டும் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருள் தொகுப்பில் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று கலந்து இருந்தால் 'இன்புட் லீப்'. இரண்டும் இலவசம். இன்புட் லீப்பில் கர்சர் அடுத்த திரைக்குப் போக மறுத்தால், கணினியின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால், 24800 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட்டைத் தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், மவுஸ் போர்ட் போலி மவுஸ் முறையிலா, நேரடியாகக் கடத்தும் முறையிலா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். "பிரித்துவிட்டீர்கள்" என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். டிரைவருக்காக வாங்கிய கட்டணத்தைக் கேட்டால் கைவிரிக்கிறார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தேன், அதில் டிரைவர் என்ற சொல்லே இல்லை. 'பொதுச் சேவை' என்று மட்டும் இருக்கிறது.