டிசம்பர் சீசன்: பாடுபவர் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்

சென்னையின் கர்நாடக இசை விழாவான டிசம்பர் சீசன் பட்டியல் வெளியானதும் எல்லோருடைய கண்ணும் முதலில் பாடகர் பெயருக்குத்தான் போகிறது. பல சீசன்களாக விடாமல் கேட்டுவந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு கச்சேரி நன்றாக அமைவதில் பாடுபவரின் பங்கு பாதிதான். மீதியைப் பக்கவாத்தியம், அரங்கு, வேளை மூன்றும் தீர்மானிக்கின்றன. ஒரே வித்வான் ஒரே மாதத்தில் ஐந்தாறு சபாக்களில் பாடுகிறார். குரல் அதே, பாடாந்தரம் (கற்றுவந்த பாட்டு முறை) அதே, சில சமயம் உருப்படிகள்கூட (பாட்டுகள்கூட) அதே. ஆனால் ஓரிடத்தில் தோடி ராகம் மனசைக் கரைக்கிறது, இன்னோரிடத்தில் அதே தோடி தலைவலியில் முடிகிறது.

வேளையிலிருந்து தொடங்கலாம். 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அப்படித் தொடங்கிய விழா இன்று நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்து ஜனவரி வரை, காலை முதல் இரவு வரை ஊர் முழுக்க நடக்கிறது. பெரிய சபாக்களில் நண்பகல், பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில், மாலை நான்கு மணி, பிறகு ஆறரை அல்லது ஏழு மணி என்று கச்சேரிகள் அடுத்தடுத்து வரும்.

பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான இடங்களில் டிக்கெட் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, ஒரு மெயின் (முக்கியப் பாட்டு), சிறிய தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்), ஒரு துக்கடா (கடைசியில் வரும் சிறு பாட்டு) என்று முடித்துவிடுவார்கள். இளையவர்கள் இதற்காக மாதக்கணக்கில் சாதகம் செய்துவிட்டு வருகிறார்கள். அதனால் நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். குறை என்னவென்றால் ஆலாபனை, அதாவது பாட்டுக்கு முன் சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது. நேரம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஐந்தே நிமிடத்தில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறிவிடுகிறார்கள். ராகம் கீழே நின்று விரிவதற்கே இடமில்லாமல் போகிறது.

என்னைக் கேட்டால் சீசனின் சாரம் நான்கு மணிக் கச்சேரிதான். பாடுபவர் முப்பதுகளில் இருப்பார். மாலை ஸ்லாட்டுக்கு உயர வேண்டும் என்ற முனைப்பு இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். கூட்டமும் அளவாக இருக்கும். ராகம் தானம் பல்லவியை (ஒரே வரியை வைத்து நீளமாக விரிக்கும் பகுதி) முழு மனதோடு எடுத்துச் செய்வதை இந்த வேளையில்தான் அதிகம் கேட்க முடிகிறது. அடுத்த கச்சேரிக்கு மேடையைக் காலி செய்ய வேண்டும் என்பதால் பல்லவி நீண்டுவிட்டால் துக்கடாக்கள் அடிபடும். ஒரு திருப்புகழோடு மங்களத்துக்கு வந்துவிடுவார்கள். அது பெரிய நஷ்டமில்லை.

மாலைச் சீனியர் கச்சேரிகளில் தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் இருபதுக்குள் வரும் கச்சேரியையே நான் சிபாரிசு செய்வேன். அதற்குப் பிறகு அடுத்தடுத்த நாள்களில் பாடி, குளிர்சாதன அரங்குகளில் உட்கார்ந்து, மார்கழிப் பனியும் சேர்ந்து, தொண்டை களைத்திருக்கும். தார ஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) சஞ்சாரம் சுருங்குவதும், மூன்றாம் காலம் (துரித நடை) கூடுவதும் அதன் அடையாளங்கள். ஒரே கலைஞர் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சிறிய சபாவிலும் கடைசி வாரத்தில் ஒரு பெரிய சபாவிலும் பாடினால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதற்குப் போகலாம்.

அடுத்தது பக்கவாத்தியம். பட்டியலில் வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா என்று பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு பாடகரோடு அதே வயலின், அதே மிருதங்கம் பல வருடங்களாகத் தொடர்ந்து வந்தால் நிரவலில் அந்தப் பழக்கம் தெரியும். பாடகர் வரியை எங்கே மடக்கப்போகிறார் என்று மிருதங்கக்காரருக்கு முன்கூட்டியே தெரிகிறது. அங்கே தொப்பியை (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம்) அடக்குகிறார், குரல் தனியாக மேலே வருகிறது. சபா செயலர் கடைசி நேரத்தில் சேர்த்துவிட்ட கூட்டணியில் இது நடக்காது. எல்லோரும் திறமைசாலிகளாகவே இருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

மிருதங்கத்தின் சுருதியும் ஒரு விஷயம். ஒன்று, ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடும் ஆண் குரல்களுக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், ஏறக்குறைய 24 அங்குல நீளம். நாலரை, ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல்களுக்கு எச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம், 22 அங்குலம் வாக்கில். தக்கு சுருதியில் தொப்பியின் கும்காரம் இயல்பாகவே கனமாக வரும். எச்சு சுருதியில் அதே கனத்தை எதிர்பார்த்து மிக்ஸரில் பாஸைக் கூட்டினால் அரங்கு முழுக்க வெறும் அதிர்வுதான் மிஞ்சும். இன்னொன்று, தொப்பியில் பூசும் ரவை. தண்ணீர் விட்டுப் பிசைந்து கச்சேரிக்கு முன்பு ஒட்டுவார்கள். குளிர்சாதனக் காற்றில் ஒரு மணி நேரத்தில் அது காய்ந்து இறுகும், தொப்பி நாதம் மெலியும். உருப்படிகளுக்கு நடுவே விரலில் தண்ணீர் தொட்டுத் தடவுகிறார்களே, அது இதற்குத்தான். வலந்தலையின் (மிருதங்கத்தின் மறு பக்கம்) சுருதியும் குளிரில் நகரும். தனிக்கு முன்பு கல்லையும் மரக்கட்டையையும் எடுத்துச் சுருதி சேர்க்க அரை நிமிடம் எடுத்துக்கொள்பவரை மதியுங்கள். அதைச் செய்யாமல் தொடங்கிய தனி, எவ்வளவு கணக்கு இருந்தாலும் காதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

சீசனின் மிகப் பெரிய குறை ஒலிபெருக்கி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூற்றைம்பது பேர் உட்காரும் ஹாலில்கூட மைக் அளவை ஆயிரம் பேருக்கு வைக்கிறார்கள். நடப்பது இதுதான்: மேடையில் மானிட்டர் (கலைஞர்களுக்கான ஸ்பீக்கர்) போதவில்லை என்று ஒருவர் கை காட்டுவார், அவருக்குக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் வாத்தியம் கேட்காது, அவரும் கேட்பார். மூன்றாவது உருப்படிக்குள் மேடைச் சத்தம் ஏறி, அதற்கு ஈடுகொடுக்க வெளி ஸ்பீக்கரும் ஏறியிருக்கும். வயலினில் ஒட்டியிருக்கும் கான்டாக்ட் மைக் மரத்தின் நாதத்தை விட்டுவிட்டு நரம்பின் கீறலை மட்டும் எடுத்துத் தரும். இத்தனைக்கும் மேல் குரலுக்கு எக்கோ சேர்ப்பார்கள். எக்கோ மெல்லிசைக்குப் பொருந்தலாம், கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு) அது விஷம். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்து வருவதுதான் அதன் உயிர். எக்கோ இருந்தால் மேலே போன ஒலி அடங்குவதற்குள் கீழே வந்த ஒலி அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பாடகர் மிகச் சரியாகப் பாடியும் சுருதி விலகினாற்போல் கேட்கிறது.

இதைச் சமாளிக்க வழி உண்டு. முதல் மூன்று வரிசையும் ஸ்பீக்கர் தூணுக்கு நேரான இருக்கைகளும் வேண்டாம். மேடையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நடுவில் உட்காருங்கள். சிறிய ஹாலில் பின்வரிசையே உத்தமம். மைக் சத்தம் அளவாக இருக்கும் அரங்கு என்றால், மிருதங்கத்துக்காகப் போகிறவர்கள் பார்வையாளருக்கு இடப்பக்கமாகவும் வயலினுக்காகப் போகிறவர்கள் வலப்பக்கமாகவும் உட்காரலாம். மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் அவர் வாசிக்கும்போது வயலின்காரரோடு இடம் மாற வேண்டியிருந்தது, சிலருக்கு அது உடன்படவும் இல்லை. சில வருடங்களாக மைக்கே இல்லாமல் சிறிய அரங்குகளில் நடத்தும் கச்சேரிகள் கிடைக்கின்றன. ஒன்றையாவது கேளுங்கள். முதல் பத்து நிமிடம் சத்தம் போதாததுபோல் இருக்கும், அப்புறம் காது தானாகவே திறந்துகொள்ளும். தம்பூரா உண்மையில் என்ன செய்கிறது என்பது அங்கேதான் புரியும்.

விழாக்களின் தொடக்க நாளில் வாசிக்கப்படும் நாகஸ்வரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த வெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் உருவான வாத்தியம் அது. மூடிய அரங்கில் தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் மைக் வைப்பது கேட்பவரையும் வாசிப்பவரையும் ஒருசேரத் தண்டிப்பது. கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தால் நாதம் அழகாக வந்து சேரும். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். சீசனில் காலி நாற்காலிகளுக்கு வாசிக்கப்படும் மிக உயர்ந்த சங்கீதம் இதுதான்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயிலாப்பூரை ஒரு நாள், தி. நகரை ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கினால் லஸ் பக்கத்து ராகசுதா ஹால், ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன் எல்லாம் நடக்கிற தூரம். நான்கு மணிக் கச்சேரியை மயிலாப்பூரில் கேட்டுவிட்டு ஏழு மணிக்கு தி. நகர் வாணி மகால் போய்ச் சேர நினைத்தால் இரண்டும் கெடும். தமிழ்ப் பாடல்களை மட்டுமே முழுக் கச்சேரியாகக் கேட்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கிறது. தேவாரமும் முத்துத்தாண்டவர் பாடல்களும் துக்கடாவாகச் சுருங்காமல் நடுநாயகமாக வரும் மேடை அது.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்வதில்லை. முதலில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். ஆதி தாளம் இரண்டு களை என்றால் ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டிரண்டாக வரும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி நீளமாக வாசிக்கும் சுற்றுகள் முடிந்ததும் குறைப்பு தொடங்கும். ஒரு ஆவர்த்தனம் இவர், ஒரு ஆவர்த்தனம் அவர். பிறகு அரை, பிறகு கால் என்று இடைவெளி சுருங்கும். மிருதங்கம் வைத்த சொல்லைக் கடம் அப்படியே திருப்புகிறதா, அதற்குள் ஒன்றை மாற்றிப் பதில் சொல்கிறதா என்பதுதான் இங்கே ரசிக்க வேண்டியது. பின்பு இருவரும் சேர்ந்து, முடிவு வருகிறது என்று காட்டும் மோரா, அதைத் தொடர்ந்து முத்தாய்ப்பான கோர்வை மூன்று முறை. கோர்வை முடியும் இடம் பாட்டின் எடுப்பு, அதாவது பாட்டு வரி தொடங்கும் இடம். அது சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இருக்க வேண்டும் என்பதில்லை. எடுப்பு அரை இடம், முக்கால் இடம் தள்ளி இருந்தால் சமத்தில் கை தட்டுபவர்கள் முந்திவிடுவார்கள். பாடகர் அந்த வரியை எடுத்து, ஒரு முறை பாடி முடிக்கும்வரை காத்திருங்கள்.

வேறு விழாக்களைக் கேட்கிறவர்களுக்கு: திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் பஞ்சரத்ன கோஷ்டிக்காகப் போகலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த அவருடைய ஐந்து கீர்த்தனைகளையும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருமித்துப் பாடும்போது அங்கே இருப்பது பெரிய அனுபவம். முழுக் கச்சேரியை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, தனிக் கலைஞர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு உருப்படிகள்தான். அமெரிக்காவில் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார்கள் என்று அறிய அதைவிட நல்ல மேடை இல்லை.

இனி ஒலிப்பதிவுகள். ஸ்டுடியோ கேசட்டுகளை நான் பாட்டுக் கற்பதற்கு மட்டுமே வைத்துக்கொள்வேன். அறுபது நிமிடக் கேசட்டுக்குள் எட்டுப் பத்து உருப்படிகளை அடைக்க வேண்டியிருந்ததால் ஆலாபனை முகவுரையாகச் சுருங்கிப்போனது. கச்சேரியிலேயே பதிவானவை, சார்சுர் நிறுவனம் வெளியிட்ட டிசம்பர் சீசன் குறுந்தகடுகள் போன்றவை, அரங்கின் மூச்சையும் சேர்த்துத் தருகின்றன. ஒரே ஓர் ஆல்பத்தைச் சொல்லுங்கள் என்றால், 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் நன்சச் நிறுவனம் வெளியிட்ட, பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன். யாரும் யாரையும் முந்துவதில்லை. சவுக்க காலத்துக்கு (மெதுவான நடைக்கு) அவ்வளவு பொறுமை காட்டிய பதிவு அபூர்வம்.

இணையத்தில் சுற்றும் பழைய கச்சேரிப் பதிவுகளில் அடிக்கடி வரும் கோளாறு வேகம். ஸ்பூல் டேப்பிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து கணினிக்கும் மாறும்போது ஓட்டம் சற்றுக் கூடிவிடும். குரல் இளைத்து, மிருதங்கம் டப்பாபோல் ஒலித்தால் சந்தேகப்படுங்கள். அதே வித்வானின் நம்பகமான வேறு பதிவோடு சுருதியை ஒப்பிடுங்கள். அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தை 5.6 சதவீதம் குறைத்தால் சரியாகும். மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே மட்டும் ஒரு முழுக் கட்டையே இந்த 6 சதவீதம்தான். ‘பிட்ச்’ மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், அது சுருதியை இறக்கி காலப்பிரமாணத்தை அப்படியே விட்டுவிடும். இன்னொரு சோதனை: நம் ஊர் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பதிவு செய்தபோதே புகுந்த மின் இரைச்சல் ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வரைபடத்தில்) 53 ஹெர்ட்ஸில் தெரிந்தால் டேப் வேகமாக ஓடியிருக்கிறது. இரைச்சல் சரியாக 50-லேயே நின்றால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது டேப்பில் இல்லாமல், பின்னாளில் கணினிக்கு ஏற்றியவரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.