தொலைதூர ரைஃபிள் தொடங்க பிஸ்லி எப்படி? புதியவர்களுக்காக ஒரு மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருந்துகொண்டு தொலைதூர இலக்குச் சுடுதல் கற்க ஆசைப்படுபவர் யாராக இருந்தாலும், துப்பாக்கி விலை விசாரிப்பதற்கு முன்னால் பிஸ்லி சுடுதல் மைதானத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். இந்த விளையாட்டைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி), எந்தத் தோட்டா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பேச வேண்டிய பேச்சு. நீங்கள் சுட்ட குண்டு எங்கே போனது, ஏன் அங்கே போனது என்பதை ஒவ்வொரு முறையும் மறைக்காமல் சொல்லும் இடம்தான் புதியவருக்கு முதலில் வேண்டும். பிஸ்லி அதைச் செய்கிறது.

இடம் சர்ரேயில், புரூக்வுட் ரயில் நிலையத்துக்குப் பக்கம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859இல் தொடங்கியது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா ராணியே முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். ஊர் வளர்ந்து விம்பிள்டன் நெருக்கடியானதும் 1890இல் மொத்தமாக பிஸ்லிக்கு வந்துவிட்டார்கள். செஞ்சுரி என்ற ரேஞ்சில் 600 கஜம் வரை சுடலாம், ஸ்டிக்கிள்டவுன் என்பதில் 1,200 கஜம் வரை. பழைய மரக் கட்டடங்கள், கிளப் வீடுகள், கொடிக்கம்பங்கள் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு சின்ன ஊர் போலவே இருக்கிறது.

விருந்தினர் நாள் என்று கிளப்புகள் நடத்துகின்றன, அப்படித்தான் நானும் முதலில் போனேன். துப்பாக்கி, தோட்டா, தடித்த தோல் ஜாக்கெட், கையுறை, காதுக்கவசம் எல்லாம் அவர்களே தருகிறார்கள். பயிற்சியாளர் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே படுத்திருப்பார். கொடுப்பது .308 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) தோட்டா போடும் ரைஃபிள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டு. ஸ்கோப் கிடையாது. பின்னால் கண்ணுக்கு அருகே ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம். தூரத்தில் தெரியும் கறுப்பு வட்டத்தை அந்த வளையத்துக்கு நடுவே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். குப்புறப் படுத்து, இடது மேற்கையில் ஒரு வாரை இறுக்கிக் கட்டி, அதன் மறுமுனையைத் துப்பாக்கியில் மாட்டிவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் தோளும் கழுத்தும் வலிக்கும். அப்புறம் திடீரென்று ஒரு கணத்தில் எலும்பும் வாருமே துப்பாக்கியைத் தாங்குகின்றன, தசைக்கு வேலையே இல்லை என்று புரியும். இதை எந்த வீடியோ பார்த்தும் கற்க முடியாது, யாராவது உங்கள் முழங்கையை நாலு அங்குலம் நகர்த்தி வைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது ட்ரிகர். நான் பார்த்த நல்ல பயிற்சியாளர்கள் எல்லாருமே இதில் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: மூச்சை விடு, பாதியில் நிறுத்து, மெதுவாக அழுத்து, வெடித்த பிறகும் விரலை எடுக்காதே. .308 தோளில் உதைக்கத்தான் செய்யும். ஆனால் ஜாக்கெட்டும் சரியான பிடியும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இனி இந்த இடத்தின் உண்மையான சிறப்புக்கு வருகிறேன். நீங்கள் சுட்டதும் இலக்கு கீழே இறங்கிவிடும். தூரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால் ஆழமான குழி இருக்கிறது, அங்கே நிற்பவர்கள் இலக்கை இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, முந்தைய ஓட்டையை ஒட்டி மூடி, எத்தனை புள்ளி என்று காட்டும் அடையாளத்தை ஓரத்தில் வைத்து மறுபடி மேலே தூக்குவார்கள். நடு வட்டத்துக்கு 5. அதற்குள்ளும் ஒரு சிறிய வட்டம் இருக்கிறது, அதற்கு வி என்று பெயர், புள்ளி சமமானால் யாருக்கு வி அதிகம் என்று பார்ப்பார்கள். வெளியே போகப் போக 4, 3, 2, 1. இலக்கு மேலே வந்ததிலிருந்து அடுத்த குண்டுக்கு 45 விநாடி. ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவது வழக்கம், ஒருவர் புள்ளியை மற்றவர் எழுத வேண்டும். இந்த நிதானமான சுற்று புதியவருக்குப் பெரிய வரம். அவசரம் இல்லை, ஆனால் தூங்கவும் விடாது, ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாக ஒரு பதில் வருகிறது. செஞ்சுரியில் சில இலக்குகள் இப்போது மின்னணு ஆகிவிட்டன, பக்கத்தில் திரையிலேயே தெரிந்துவிடும். முதல் நாளுக்கு எனக்குப் பழைய முறையே பிடிக்கிறது.

300 கஜத்தில் நன்றாகச் சுடுபவரை 1,000 கஜத்தில் திணறவைப்பது காற்றுதான். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்காக அடிக்கும் காற்று .308 குண்டை 1,000 கஜம் போவதற்குள் இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். திருத்தாமல் சுட்டால் குண்டு இலக்குச் சட்டத்தையே தாண்டிப் போகும். நடு வட்டமோ 24 அங்குலம். குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடி ஆகிறது, வழியில் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மேலே ஏறி இறங்குகிறது. அதனால் தரைப் பக்கத்துப் புல் ஆடுவதை மட்டும் பார்த்தால் போதாது, கொடிகளையும் தொலைநோக்கியில் ஓடும் கானலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கானல் இடமிருந்து வலமாக ஓடுகிறதா, நேராக மேலே கொதிக்கிறதா என்று பார்த்து, பின்பக்கத் துளையைப் பக்கவாட்டில் எத்தனை மினிட் நகர்த்தலாம் என்று முடிவெடுப்பார்கள். மினிட் என்பது கோண அளவு, 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம், 1,000 கஜத்தில் சுமார் பத்து அங்குலம். பல வருடம் சுட்ட ஒருவர் கொடியைப் பார்த்துக்கொண்டே "இரண்டரை கூட்டு, இல்லை இரு, மூன்று" என்று மெல்லச் சொல்ல, நீங்கள் அப்படியே திருகிச் சுட, தகடு நடுவில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த விளையாட்டில் இத்தனை பேர் வயதான பிறகும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, குழியில் வேலை செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள். தலைக்கு மேலே குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்போது சுளீரென்று ஒரு வெடிப்பு கேட்கும், பிறகுதான் துப்பாக்கிச் சத்தம். நன்றாகச் சுடுபவரின் ஓட்டைகள் எப்படிக் கூடுகின்றன, காற்றைத் தவறவிட்டவருடையவை எப்படிக் கிடைமட்டமாகப் பரவுகின்றன என்று கிட்டத்தில் பார்க்கலாம். மேலும் கீழுமாகச் சிதறினால் தோட்டாவையோ பிடியையோ சந்தேகப்படலாம், பக்கவாட்டில் சிதறினால் பெரும்பாலும் காற்று. இந்த ஒரு விஷயத்தைக் குழியில் நின்று பார்த்தவர் மறக்கவே மாட்டார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. விருந்தினராகச் சுட உரிமம் தேவையில்லை, சட்டப்படி துப்பாக்கியைத் தொடத் தடை இல்லாதவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். தொடர விரும்பினால் உள்துறை அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கிக்குக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டியும் வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று மாதமும் கிளப் துப்பாக்கியிலேயே பழகுவதால் உங்களுக்கு எது பொருந்தும் என்று தெரிந்த பிறகுதான் பணம் போடுகிறீர்கள்.

குறைகளும் உண்டு. செலவு கூடுதல்தான்: தோட்டா, இலக்குக் கட்டணம், கிளப் சந்தா எல்லாம் தனித்தனி. மழை பெய்தாலும் சுடுதல் நடக்கும், ஈரப் புல்லில் படுக்கத்தான் வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அதில் நீங்கள் சுடும் நேரம் கொஞ்சம். குழந்தைகளை வைத்துக்கொண்டு அரை நாளில் முடித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிவராது. வளாகம் பெரியது, எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துளை வழியே பார்ப்பது கண்ணுக்கு ஒத்துவராதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். எஃப் கிளாஸ் என்ற பிரிவு இருக்கிறது, அதில் ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம், துப்பாக்கியை முன்னால் தாங்கியில் வைத்துச் சுடலாம். கனடாவின் ஃபார்குஹர்சன் என்பவர் வயதான பிறகும் சுட வேண்டும் என்று கொண்டுவந்தது, அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த எஃப். ஆனாலும் முதல் சில மாதம் வாரும் துளையுமாகக் கற்றவர்களுக்கு எஃப் கிளாஸும் சீக்கிரம் கைவருகிறது என்பது என் கருத்து.

ஜூலையில் இம்பீரியல் மீட்டிங் என்ற பெரிய போட்டி நடக்கும். அதன் முதன்மைப் பரிசான மன்னர் பரிசின் இறுதிச்சுற்று 900, 1,000 கஜங்களில். 1930இலேயே மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண் அந்தப் பரிசை வென்றிருக்கிறார். கோலாப்பூர் அரசர் கொடுத்த கோப்பைக்காக இன்றும் அங்கே நாடுகள் மோதுகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பார்க்க அருமையான நேரம். கற்றுக்கொள்ளப் போவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் குறைந்த ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். 300 கஜத்தில் தொடங்கச் சொல்லுங்கள், தோட்டா எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் பயிற்சியாளர் நேரத்தைக் குறைக்காதீர்கள்.