காலைக் காக்க: தனித்தனி நிபுணர்களா, ஒரே குழுவா?

சர்க்கரை நோயாலோ புகைப்பழக்கத்தாலோ ரத்த ஓட்டம் குறைந்துபோன காலில் ஆறாத புண் வந்து, விரல் கறுக்கத் தொடங்கும்போது, குடும்பத்தின் முன் வைக்கப்படும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான்: காலை எடுத்துவிடுவது, பலூன் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, நோயாளியின் உடலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ். என் அம்மாவுக்காக நாங்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இப்போது உறவினர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஆஞ்சியோபிளாஸ்டி நல்லதா, பைபாஸ் நல்லதா என்பதைத்தான். அதற்கு ஓரளவு விடை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய தேர்வு ஒன்று அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. புண்ணை ஒருவர், ரத்தநாளத்தை இன்னொருவர், சர்க்கரையை மூன்றாமவர் என்று வெவ்வேறு இடங்களில் காட்டிக்கொள்வதா, இவர்கள் அனைவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்து முடிவெடுக்கும் மருத்துவமனைக்குப் போவதா என்பதுதான் அந்தத் தேர்வு. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

காலை எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்து நேர்ந்திருந்தாலோ, பாதம் முழுவதும் செத்துப்போயிருந்தாலோ அதுவே சரியான சிகிச்சை. அங்கே தாமதிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். மற்ற நிலைகளில், காலின் ரத்தநாளங்களைப் படம் எடுத்துப் பார்க்காமல் முழங்காலுக்குக் கீழோ மேலோ எடுக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்றை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அது 0.9க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்று பொருள். ஆனால் பல ஆண்டுச் சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால், பட்டையால் அதை அழுத்தவே முடியாமல், அளவு 1.4க்கு மேல்கூடக் காட்டும். காகிதத்தில் நல்ல எண் இருக்கும்; கால் பட்டினி கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பதே நம்பத்தக்கது.

இனி பலூனும் பைபாஸும். தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை நோயாளியின் சொந்தச் சிரையை வைத்து நீண்ட மாற்றுப்பாதை அமைப்பதை 1948இல் பாரிஸில் ழான் குன்லான் செய்து காட்டினார். அடைப்பைக் கத்தியின்றிக் குழாய் வழியாகத் திறப்பதை 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் தொடங்கினார். காலை எடுக்க மறுத்துவிட்ட 82 வயதுப் பெண்மணி ஒருவரே அவருடைய முதல் நோயாளி. அறுபது ஆண்டுகள் கழித்தும் இரண்டில் எது மேல் என்பது தீரவில்லை. 2022இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், தொடைச் சிரை நல்ல நிலையில் இருந்த 1,434 பேரில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 42.6 விழுக்காட்டினருக்கும், குழாய்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 57.4 விழுக்காட்டினருக்கும் காலில் பெரிய பின்னடைவோ (கணுக்காலுக்கு மேல் கால் இழப்பு அல்லது பெரிய மறுசிகிச்சை) மரணமோ நேர்ந்தது. நல்ல சிரை இல்லாதவர்களிடம் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மறு ஆண்டே வெளியான பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளில் அடைப்பு கொண்ட 345 பேரைப் பார்த்து, நேர்மாறாகச் சொன்னது: கால் இழப்போ மரணமோ பைபாஸ் குழுவில் 63 விழுக்காடு, பலூன் குழுவில் 53 விழுக்காடு.

இரண்டையும் படித்தபின் எனக்குப் பட்டது இது. நல்ல சிரை, தாங்கக்கூடிய இதயம், அடைப்புக்குக் கீழே தைப்பதற்கு ஒரு திறந்த தமனி ஆகிய மூன்றும் உள்ளவருக்கு பைபாஸைக் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. அம்மாவுக்கு அந்த வாய்ப்பே எழவில்லை. முன்னரே இதய பைபாஸுக்காகத் தொடைச் சிரையை எடுத்திருந்தார்கள். ஆகவே கால் பைபாஸுக்குப் பின் தையல் ஆறுவது, வீக்கம் வடிவது, நடை திரும்புவது பற்றியெல்லாம் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைகளில் கேட்டறிந்ததைத் தவிர அதிகம் சொல்ல என்னால் இயலாது. ஆஞ்சியோபிளாஸ்டியில் வெட்டு இல்லை, பெரும்பாலும் முழு மயக்கமும் தேவையில்லை, விரைவில் எழுந்து உட்காரலாம். ஆனால் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தே செய்கிறார்கள். இவை எல்லாரும் அறிந்தவைதான்.

அதிகம் பேசப்படாதது, திறந்த தமனி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பது. முழங்காலுக்குக் கீழே பென்சில் நுனியைவிடச் சற்றே பருமனான தமனிகள் பலூன் சிகிச்சைக்குப் பின் சில மாதங்களிலேயே மறுபடியும் சுருங்குவது வழக்கமான நிகழ்வு. அதற்குள் புண் ஆறிவிட்டால், அதைத் தோல்வி என்று ரத்தநாள அறுவை நிபுணர்கள் கருதுவதில்லை. புண் ஆறுவதற்குத்தான் மிகுதியான ரத்தம் தேவை. ஆறி மூடிய தோலைக் காப்பாற்ற அதைவிடக் குறைந்த ஓட்டமே போதும். டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தைப் போல, வாய்க்காலில் நீர் வரும் நாட்களுக்குள் நடவை முடித்துவிட வேண்டும். முறை முடிந்தபின் வயலில் இறங்கிப் பயனில்லை. பலூன் வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான். அதற்குள் செத்த சதையை நீக்கி, எலும்புத் தொற்றை ஒழித்து, தோலை மூடி, அந்த இடத்தில் எடை விழாமல் காத்து, புண்ணை ஆற்றி முடிக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பாலானவை ரத்தநாள நிபுணர் ஒருவரால் மட்டும் முடிபவை அல்ல. என் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

நாங்கள் முதலில் போனது தனித்தனி வழியில். எங்கள் ஊரில் ஒரு பொது அறுவை மருத்துவர் கட்டுப் போட்டார். ஸ்கேன் வேறொரு நகரத்தில். சர்க்கரைக்குப் பழைய மருத்துவர். ஒவ்வொருவரும் தம் வேலையைக் குறையின்றிச் செய்தார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நோயாளியின் வீட்டாரிடம் விடப்பட்டது. கறுத்த விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனை, ஓட்டம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும் முன்பே வந்தது. ஓட்டமில்லாத காலில் விரலை எடுத்தால், எடுத்த இடமே புதிய புண்ணாகும். அது ஆறாமல் அடுத்த விரல், பிறகு பாதி பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ் என்று படிப்படியாகப் போய்விடும். பல குடும்பங்களில் கால் போனது இப்படித்தான். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடே கத்தி எடுத்திருப்பார்.

குழுவாகப் பார்க்கும் மருத்துவமனையில் முதலில் மாறியது வரிசை. சீழ் இருந்தால் அதை உடனே திறந்துவிடுகிறார்கள். அதற்கு, ரத்தநாளங்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமுக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த சில நாட்களுக்குள் ரத்த ஓட்டத்தைத் திறக்கிறார்கள். அதன்பிறகே, உயிருள்ள சதைக்கும் செத்த சதைக்கும் இடையிலான எல்லை தெளிவாகத் தெரிந்தபின், எவ்வளவு குறைவாக எடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு விரல்கள் போயின. பெருவிரலும் பாதமும் நின்றன.

சேர்ந்து முடிவெடுப்பதன் பலன் வரிசையோடு முடிவதில்லை. முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள் இறங்குகின்றன: முன்புறத் தமனி பாதத்தின் மேற்பரப்புக்கும், பின்புறத் தமனி உள்ளங்காலுக்கும் குதிகாலின் உட்புறத்துக்கும், மூன்றாவது குதிகாலின் வெளிப்பக்கத்துக்கும் முதன்மையாக ரத்தம் தருகின்றன. மூன்றும் அடைத்திருக்கும்போது எளிதாகத் திறக்கக்கூடியதைத் திறந்துவிட்டு வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் புண் குதிகாலில் இருக்க முன்புறத் தமனி மட்டும் திறந்தால் பயன் குறையலாம். எங்கே புண், எங்கே வெட்டப்போகிறோம், எந்தப் பக்கத் தோலை மடித்து மூடப்போகிறோம் என்பதைப் பாதத்தைப் பார்ப்பவர் முன்கூட்டியே சொன்னால்தான், எந்தத் தமனிக்காகக் கூடுதல் நேரம் போராடலாம் என்று ரத்தநாள நிபுணர் தீர்மானிக்க முடியும். அதேபோல, பாதத்தின் முன்பாதியை எடுக்க நேர்ந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் மிச்சப் பாதத்தைக் கீழ்நோக்கி இழுத்து, நடக்கும்போது நுனியில் மறுபடியும் புண்ணை உண்டாக்கும். அந்தத் தசைநாணைச் சற்று நீட்டிவிட வேண்டுமா என்பதைப் பாதத்தின் இயக்கம் அறிந்தவரே கேட்பார்.

இதற்குச் சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் பகுதியில் இப்படிப் பல்துறைக் குழு இயங்கத் தொடங்கியபின், 1995 முதல் 2005 வரையிலான 11 ஆண்டுகளில், 10,000 சர்க்கரை நோயாளிகளில் கணுக்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 36.4இலிருந்து 6.7ஆகக் குறைந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் ரத்தநாள அறுவை நிபுணர் ஜோசப் மில்ஸும் பாத அறுவை நிபுணர் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே பிரிவாகச் சேர்ந்து இதே முறையை வளர்த்தார்கள். புண், ரத்த ஓட்டம், தொற்று மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் காலின் ஆபத்தைக் கணிக்கும் முறை 2014இல் வெளிவந்தபோது, அதை வகுத்தவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்கும் மருத்துவரால் அந்த அட்டவணையை நிரப்பவே முடியாது என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

குழுவின் பக்கம் குறைகள் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ரத்தநாள அறுவைக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஆனால் அவை எல்லாருக்கும் அருகில் இல்லை. கூட்டம் அதிகம், உடன் தங்குபவருக்கு அலைச்சல் அதிகம், தினசரிக் கட்டுக்காக அவ்வளவு தூரம் போக முடியாது. நாங்கள் கண்ட நடைமுறை வழி, திட்டமும் கத்தியும் குழுவிடம், அன்றாடக் கட்டு உள்ளூரில் என்பது. எந்த மருந்து, எந்தக் கட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று குழு எழுதித் தர, ஊரிலுள்ள செவிலியர் செய்ய, புண்ணின் புகைப்படத்தை வாரந்தோறும் கைபேசியில் அனுப்பினோம். ரத்த ஓட்டம் போதுமான அளவு உள்ள காலில் வந்த சிறு புண்ணுக்கு உள்ளூர் மருத்துவரே போதும். அதற்காக எவரும் வேலூருக்கு ஓட வேண்டாம். பீடி, சிகரெட் பிடிக்கும் இளவயதினருக்கு வரும் பர்கர் நோயில் நிலைமை வேறு. அங்கே நுண்ணிய தமனிகளே அடைத்துவிடுவதால் பலூனுக்கும் பைபாஸுக்கும் இடம் குறைவு. புகையை அறவே நிறுத்துவதே முதன்மைச் சிகிச்சை என்பதால், நான் இங்கே சொல்லும் ஒப்பீடு அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதைச் சேரும் நாளிலேயே காட்டி, ரத்தநாளச் சிகிச்சைக்கும் அதன்பின் வரும் பாத அறுவைக்கும் தனித்தனியே ஒப்புதல் வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்குக் கையிலிருந்து போனது பெரும்பாலும் கட்டுத் துணி, போக்குவரத்து, செருப்பு ஆகியவற்றுக்கே. அந்தச் செருப்பைச் சிலர் கடைசியாக யோசிக்கிறார்கள்; சர்க்கரை நோயால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் அழுத்தம் விழுந்து மறுபடி புண் வந்தால் எந்த பைபாஸாலும் பயனிருக்காது. உணர்ச்சியிழந்த பாதத்தைச் செருப்பால் காக்கலாம் என்பதை வேலூரில் தொழுநோயாளிகளிடம் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் உலகுக்குக் காட்டினார்கள். இன்று நம்மிடையே புழங்கும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பு அந்த மரபில் வந்ததே.

குழு என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். அடைப்பைத் திறந்தபின் எத்தனை நாட்களில் புண்ணைச் சுத்தம் செய்வீர்கள், அதைச் செய்பவர் ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்த்துவிட்டாரா? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோப்பிடோகிரல், கூடவே கொழுப்பு மாத்திரை ஆகியவற்றை அறுவைக்கு முன் நிறுத்தச் சொல்வது யார், மறுபடி தொடங்கச் சொல்வது யார்? வீட்டுக்குப் போனபின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனைக்கு நாங்களாக வர வேண்டுமா, நீங்கள் தேதி எழுதித் தருவீர்களா? புண் மறுபடி கறுத்தால் இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது? எங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே எண்தான் கொடுத்தார்கள்; அழைத்தபோது எடுத்த மருத்துவருக்கு அம்மாவின் கால் எந்தக் கால் என்பது தெரிந்திருந்தது.